பீர் பாட்டிலால் அடித்தவர் போதையில் இருந்தாராம்: தண்டனை குறையுமா?

நீங்கள் எழுதியிருப்பதன் சுருக்கம் இது. மதுக்கடையை ஒட்டிய பார் வாசலில் உங்கள் தம்பிக்கும் தெரிந்தவர்கள் மூன்று பேருக்கும் வாய்த்தகராறு. அவர்களில் ஒருவர் பீர் பாட்டிலை எடுத்துத் தலையில் அடித்துவிட்டார். தையல் போட்டிருக்கிறார்கள், மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்கள், முதல் தகவல் அறிக்கையும் பதிவாகிவிட்டது. இப்போது எதிர்த்தரப்பு வழக்கறிஞர், "போதையில் நடந்தது, வேண்டுமென்று செய்ததல்ல, கோர்ட்டில் இது நிற்காது, ராஜியாகப் போய்விடுங்கள்" என்கிறார். குடித்துவிட்டு அடித்தால் சட்டம் மன்னிக்குமா என்பது உங்கள் கேள்வி. ஆனால் நீங்கள் தெரிந்துகொள்ள விரும்புவது, வழக்கை நடத்தினால் அடித்தவர் உண்மையிலேயே தண்டிக்கப்படுவாரா, அல்லது வருடக்கணக்கில் வாய்தாவுக்கு அலைந்துவிட்டு வெறுங்கையோடு திரும்ப வேண்டியிருக்குமா என்பதுதான் என்று படுகிறது. இவை இரண்டுக்கும் பதில் ஒன்றல்ல. நான் மாவட்ட நீதிமன்றங்களில் குற்றவியல் வழக்குகள் நடத்துகிறவன், பெரும்பாலும் எதிரிகளின், அதாவது குற்றம் சாட்டப்பட்டவர்களின், பக்கம் நிற்பவன். அந்த இருக்கையிலிருந்து தெரிவதைச் சொல்கிறேன்.

முதலில் உறுதியான பகுதி. 2024 ஜூலை 1-க்குப் பிறகு நடந்த சம்பவம் என்பதால் உங்கள் வழக்குக்குப் பாரதிய நியாய சன்ஹிதாதான் பொருந்தும். அதன் 23, 24 பிரிவுகள் போதையைப் பற்றியவை. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 85, 86 பிரிவுகள்தான் எண் மாறி வந்திருக்கின்றன. தானாகக் குடிக்காமல், அறியாமலோ விருப்பத்துக்கு மாறாகவோ போதையூட்டப்பட்டு, செய்வது இன்னதென்றே தெரியாத நிலையில் இருந்தவருக்கு மட்டும்தான் 23 விலக்கு தருகிறது. தன் காசில் தானே வாங்கிக் குடித்தவருக்கு அது கிடையாது. 24 இன்னும் ஒரு படி மேலே போகிறது. குடிக்காமல் இருந்திருந்தால் ஒருவருக்கு என்ன அறிவு இருந்திருக்குமோ, அதே அறிவு குடித்தபோதும் இருந்ததாகக் கொண்டே அவரை விசாரிக்க வேண்டும் என்கிறது. காயம் ஏற்படுத்திய குற்றத்துக்கு, காயப்படுத்தும் எண்ணம் அல்லது காயம் ஏற்படக்கூடும் என்ற அறிவு, இரண்டில் ஒன்று இருந்தால் போதும். பாட்டிலால் தலையில் அடித்தால் மண்டை உடையும் என்ற அறிவைச் சட்டமே அவர் தலையில் ஏற்றிவிடுகிறது. ஆகவே உங்கள் தம்பியின் வழக்கைப் பொறுத்தவரை "போதையில் தெரியாமல் செய்துவிட்டார்" என்பது எதிர்வாதமே ஆகாது. இதில் எனக்குச் சந்தேகம் எதுவும் இல்லை.

போதைக்குச் சட்டத்தில் கொஞ்சமாவது இடம் உண்டென்றால் அது கொலை வழக்கில்தான். 24-ஆம் பிரிவு அறிவைத்தான் ஏற்றிச் சொல்கிறதே தவிர, எண்ணத்தைச் சொல்லவில்லை. கொல்லும் எண்ணமே உருவாக முடியாத அளவுக்கு ஒருவர் மூழ்கிக் கிடந்தார் என்று காட்டினால், கொலை என்பது கொலையாகாத மரணமாக இறங்கலாம். இந்த வாதம் எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு இன்றும் எடுத்துக்காட்டப்படுவது பஸ்தேவ் வழக்கு. 1954 மார்ச்சில், அன்றைய பெப்சு (பாட்டியாலா, கிழக்குப் பஞ்சாப் ஒன்றியம்) மாநிலத்தில், ஒரு கல்யாண வீட்டில் மதியச் சாப்பாட்டுக்கு எல்லாரும் உட்காரும் நேரம். நன்றாகக் குடித்திருந்த ஓய்வுபெற்ற ராணுவ ஜமேதார் ஒருவர், பதினைந்து பதினாறு வயதுப் பையனைச் சற்று நகர்ந்து உட்காரச் சொல்கிறார். பையன் நகரவில்லை. கைத்துப்பாக்கியை எடுத்து வயிற்றில் சுட்டுவிட்டார். முன்பகை இல்லை, திட்டமும் இல்லை. கிட்டத்தட்ட நினைவிழந்த நிலையில் இருந்தார் என்றுகூட ஒரு சாட்சி சொன்னார். 1956-இல் உச்ச நீதிமன்றம் அவருடைய நடத்தையை ஒவ்வொன்றாகப் பார்த்தது. தள்ளாடினாலும் தானாக நடந்து வந்திருக்கிறார்; தனக்கு வசதியான இடத்தைத் தேர்ந்திருக்கிறார்; சுட்டபின் தப்பி ஓடப் பார்த்திருக்கிறார்; பிடிபட்டதும் மன்னிப்புக் கேட்டிருக்கிறார். இவ்வளவும் செய்யத் தெரிந்தவருக்கு எண்ணம் மட்டும் இல்லாமல் போகுமா? கொலைக் குற்றம் உறுதியானது.

ஆனால் உங்கள் கேள்விக்கு அந்த வழக்கில் கவனிக்க வேண்டியது வேறொன்று. அக்காலத்தில் கொலைக்குத் தூக்கே இயல்பான தண்டனை. ஆயுளாகக் குறைத்தால் நீதிபதி காரணம் எழுத வேண்டும். அமர்வு நீதிபதி குறைத்தார். அளவுக்கு மீறிய குடியையும் முன்விரோதம் இல்லாததையும் காரணமாக எழுதினார். அதாவது குற்றத்தின் பெயரை மாற்ற முடியாத போதை, தண்டனையின் அளவை மாற்றியது. குற்றவாளியா என்பது ஒரு கட்டம், எந்தப் பிரிவு என்பது அடுத்த கட்டம், எவ்வளவு தண்டனை என்பது கடைசிக் கட்டம். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் இந்த மூன்றையும் ஒரே வாக்கியத்தில் குழைத்து உங்களிடம் சொல்லியிருக்கிறார். தொழில் தெரிந்தவர்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உங்களிடம் திண்ணையில் சொல்லும் "போதையில் நடந்தது" என்ற பேச்சை அவர் நீதிமன்றத்தில் பெரும்பாலும் சொல்லவே மாட்டார். போதையில் அடித்தேன் என்றால் அடித்தேன் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். விதிவிலக்கு கேட்பவரே அதை நிரூபிக்கவும் வேண்டும். அதற்குப் பதில் போதையை உங்கள் தம்பியின் மேல் திருப்பிவிடுவார். குறுக்கு விசாரணையில் உங்கள் தம்பியிடம் கேள்வி இப்படி வரும்: நீங்கள் அன்று அளவுக்கு மீறிக் குடித்திருந்தீர்கள், நடக்க முடியாமல் பார் படிக்கட்டில் தடுக்கி, கீழே கிடந்த பாட்டில் மேல் விழுந்ததில்தான் காயம் ஏற்பட்டது, முன்விரோதத்தால் எதிரியின் பெயரைச் சேர்த்துவிட்டீர்கள். தம்பி மறுப்பார். "குடிபோதையில் நானே கீழே விழுந்து அடிபட்டேன் என்று சொன்னால் சரியல்ல" என்று சாட்சியத்தில் பதிவாகும். நம் ஊர் அடிதடி வழக்குக் கட்டுகளில் இந்த வரி இல்லாத கட்டைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அடுத்து மருத்துவர் கூண்டேறுவார். விபத்துப் பதிவேட்டில் காயம்பட்டவரின் மூச்சில் மது வாடை இருந்ததாகக் குறிப்பு இருக்கிறதா? இருக்கிறது. இது போன்ற காயம் கண்ணாடித் துண்டின் மேல் விழுந்தாலும் ஏற்படலாமா? ஏற்படலாம். அவ்வளவுதான், உட்கார்ந்துவிடுவார்.

போதை சட்டத்தின் முன்வாசல் வழியாக வருவதில்லை. பின்வாசல் வழியாக வந்து தண்டனையைக் குறைக்கிறது, சில நேரம் இல்லாமலே செய்துவிடுகிறது. சம்பவ இடத்தில் இருந்த சாட்சிகள் எல்லாரும் குடித்தவர்கள். பாதிப் பேர் வீட்டுக்குத் தெரியாமல் வந்தவர்கள், அங்கே இருந்தேன் என்று சொல்லவே தயங்குவார்கள். பார் ஊழியர் எதையும் பார்த்திருக்க மாட்டார். இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்து விசாரணைக்கு வரும்போது முன்பு சொன்னதை மறுத்து ஒருவர் பின் ஒருவராகப் பிறழ் சாட்சி ஆவார்கள். எதிரியை இரண்டு நாள் கழித்துக் கைது செய்திருப்பார்கள். அதற்குள் அவர் ரத்தத்தில் மது இருந்த தடமே இருக்காது. உடைந்த பாட்டில் துண்டுகளை மகஜர் (சாட்சிகள் முன் எழுதும் பட்டியல்) போட்டுக் கைப்பற்றியிருந்தால் உண்டு, இல்லையென்றால் மறுநாள் காலை துடைப்பத்தோடு போய்விட்டது. இவற்றோடு, எதிர்த்தரப்பும் தம்பி மேல் ஒரு புகார் கொடுத்திருந்தால் எதிர்வழக்கு என்ற சிக்கலும் சேரும். நீங்கள் கேள்வியில் அதைக் குறிப்பிடவில்லை. காவல் நிலையத்தில் முதலில் விசாரிக்க வேண்டியது அதைத்தான்.

இப்போது தண்டனையின் அளவுக்கு வருகிறேன். இங்கே நான் உறுதியோடு பேச முடியாது, எந்த வழக்கறிஞராலும் முடியாது. நீங்கள் குறிப்பிட்ட பிரிவுகள் 296(பி), 115(2), 118(1), 351(3). பழைய எண்களில் 294(பி), 323, 324, 506(2) என்று தமிழ்நாட்டுக் காவல் நிலையங்கள் பல்லாண்டுகளாக எழுதிவந்த அதே நால்வர் கூட்டணி. ஆபாச வசை, சாதாரண காயம், ஆயுதத்தால் காயம், கொலை மிரட்டல். இதில் கனமானது 118(1): மூன்றாண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். "வரை" என்ற சொல்லையும் "அல்லது" என்ற சொல்லையும் கவனியுங்கள். அபராதத்தோடு முடிக்கவும் நீதித்துறை நடுவருக்கு அதிகாரம் இருக்கிறது. முதல் முறை குற்றவாளி என்றால் 1958-ஆம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டப்படி, சிறைக்கு அனுப்பாமல் உறுதிப் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு விடவும் முடியும்.

தீர்ப்பு நாளன்று நடப்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். குற்றவாளி என்று சொன்ன பிறகு, தண்டனை பற்றி என்ன சொல்கிறீர்கள் என்று நீதிபதி எதிரியைக் கேட்பார். வயதான தாய் இருக்கிறார், சிறு குழந்தைகள் இருக்கின்றன, நான் ஒருவன்தான் சம்பாதிக்கிறேன், இப்போது குடியை விட்டுவிட்டேன், குறைந்தபட்சத் தண்டனை கொடுங்கள் என்பார். சில நிமிடங்களில் முடிந்துவிடும். குடியை விட்டாரா என்று யாரும் சோதிப்பதில்லை, மருத்துவ அறிக்கை கேட்பதில்லை, அடிபட்டவரிடம் ஒரு வார்த்தை கேட்கும் வழக்கமும் இல்லை. போதையைத் தண்டனையைக் கூட்டும் காரணமாகக் கொள்வதா, குறைக்கும் காரணமாகக் கொள்வதா என்று நம் சட்டம் எங்கும் பொதுவிதி எழுதி வைக்கவில்லை. தண்டனைக்கு வழிகாட்டு நெறிகள் வேண்டும் என்று குற்றவியல் நீதிச் சீர்திருத்தத்துக்கான மலிமத் குழு 2003-இல் பரிந்துரைத்தது. 2012-இல் கேரளக் கள்ளச்சாராய வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமும் அவை இல்லாததைக் குறையாகச் சொன்னது. இன்னும் வரவில்லை. வழிகாட்டி இல்லாததன் விளைவை மும்பை கார்ட்டர் சாலை வழக்கில் பார்க்கலாம். 2006-இல் மது அருந்திவிட்டு ஒருவர் ஓட்டிய கார், நடைபாதையில் தூங்கியவர்கள் மேல் ஏறி ஏழு பேர் இறந்தார்கள். விசாரணை நீதிமன்றம் கொடுத்தது ஆறு மாதம். உயர் நீதிமன்றம் பிரிவையே மாற்றி மூன்றாண்டாக உயர்த்தியது. அதைக் குறைக்க 2012-இல் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. அது கைகலப்பு வழக்கல்ல என்றாலும், அதே உண்மைகளுக்கு இரண்டு நீதிமன்றங்கள் எவ்வளவு தள்ளித் தள்ளி நிற்கக்கூடும் என்பதற்காகச் சொல்கிறேன்.

வெளிநாடுகளில் எப்படி என்றும் கேட்டிருந்தீர்கள். இங்கிலாந்தில் தண்டனை வழிகாட்டு நெறிகளே மது அருந்திய நிலையில் செய்த குற்றத்தைக் கடுமை கூட்டும் காரணமாகப் பட்டியலிடுகின்றன. அங்கே எனக்குப் பிடித்த ஏற்பாடு ஒன்றும் உண்டு. 120 நாள் வரை குடிக்கவே கூடாது என்று நீதிமன்றம் உத்தரவிட்டுக் கணுக்காலில் ஒரு கருவியை மாட்டிவிடலாம். வியர்வையை வைத்தே குடித்ததைக் காட்டிக்கொடுத்துவிடும். "குடியை விட்டுவிட்டேன்" என்ற நம் எதிரிகளின் வாக்குமூலத்தைச் சோதிக்க அப்படி ஒன்று இங்கே இருந்தால் எத்தனை பேர் அதைச் சொல்லத் துணிவார்கள்! ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் இன்னும் கடுமையான வழிக்குப் போனது. 2012 ஜூலையில் சிட்னியின் கிங்ஸ் கிராஸ் பகுதியில் பதினெட்டு வயது இளைஞர் ஒருவர் முன்பின் தெரியாத ஒருவனின் ஒரே குத்தில் விழுந்து இறந்தார். அந்த மரணத்துக்காக 2013-இல் 6 ஆண்டுச் சிறை, அதில் குறைந்தது 4 ஆண்டு உள்ளே இருக்க வேண்டும் என்று தீர்ப்பானதும் ஊரே கொதித்தது. 2014 ஜனவரியில் சட்டம் வந்தது. போதையில் அடித்து மரணம் விளைவித்தால் அதிகபட்சம் 25 ஆண்டு, குறைந்தபட்சம் கட்டாயம் 8 ஆண்டு. 100 மில்லி ரத்தத்தில் 0.15 கிராம் மது இருந்தாலே போதையில் இருந்ததாக முடிவாகும். தானே தேடிக்கொண்ட போதையைத் தண்டனை குறைக்கும் காரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று தனியாகவும் எழுதினார்கள். வேடிக்கை என்னவென்றால், அதே 2014 ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றம் பழைய சட்டத்தைக் கொண்டே அந்தத் தண்டனையை 10 ஆண்டு 6 மாதமாக உயர்த்தியது.

கட்டாயக் குறைந்தபட்சத் தண்டனை இங்கேயும் வேண்டும் என்ற உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் நான் அதை ஆதரிக்கவில்லை. போதைக்குக் கூடுதல் தண்டனை என்று எழுதினால், எதிரி போதையில் இருந்ததை அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டும். இரண்டு நாள் தலைமறைவாக இருந்துவிட்டு வழக்கறிஞரோடு சரணடைபவரின் ரத்தத்தில் என்ன கிடைக்கும்? வசதி இல்லாதவர், ஓடத் தெரியாதவர், சம்பவ இடத்திலேயே மயங்கிக் கிடந்தவர் மட்டும்தான் அந்த வலையில் விழுவார். நம்மிடம் போதைக்கென்றே இருக்கும் தனிப் பிரிவின் நிலையைப் பாருங்கள். பொது இடத்தில் குடித்துவிட்டு ரகளை செய்தால் 24 மணி நேரச் சிறை அல்லது பத்து ரூபாய் அபராதம் என்று நூறாண்டுக்கு மேல் இருந்தது. இப்போது 355-ஆம் பிரிவில் அபராதம் ஆயிரம் ரூபாயாகி, சமூக சேவையும் சேர்ந்திருக்கிறது. தினமும் பார் வாசலில் சட்டையைப் பிடிக்கிறவனைப் பெட்டி கேஸ் என்ற சில்லறை வழக்குப் போட்டு அனுப்பாமல் அந்தச் சமூக சேவைக்கு ஒழுங்காக அனுப்பினால், பாட்டிலை எடுக்கும் நாள் வருவதற்கு முன்பே ஒரு பிடி விழும். அதை நடைமுறைப்படுத்துவதில்தான் எனக்கு அக்கறை.

உங்கள் வழக்கில் தண்டனையை உண்மையில் நிர்ணயிக்கப் போவது போதை அல்ல, காயத்தின் தரம். எலும்போ பல்லோ முறிந்திருந்தால், அல்லது தலையிலோ முகத்திலோ நிரந்தர விகாரம் ஏற்பட்டிருந்தால் அது கொடுங்காயம். பதினைந்து நாள் கடும் வலியில் கிடந்தாலும், அன்றாட வேலையைச் செய்ய முடியாமல் போனாலும் கொடுங்காயம்தான். பழைய சட்டத்தில் இது இருபது நாளாக இருந்தது. ஆயுதத்தால் கொடுங்காயம் என்றால் 118(2): குறைந்தது ஓராண்டு, பத்தாண்டு வரை, ஏன் ஆயுள் வரைகூடப் போகலாம். ஆயுள் தண்டனைக்கு இடமுள்ள பிரிவு என்பதால் நன்னடத்தைச் சட்டத்தின் அந்த வாசலும் மூடிக்கொள்ளும். "போதையில் நடந்தது" என்ற பேச்சைவிட ஒரு ஸ்கேன் அறிக்கை வழக்கை அதிகம் மாற்றும். பாட்டில் உடைந்திருந்ததா, முழுதாக இருந்ததா என்பதும் வாதத்துக்கு வரும். உடைந்த பாட்டில் வெட்டும் கருவி. முழு பாட்டிலை ஆயுதமாகக் கொள்வது அதைப் பயன்படுத்திய விதத்தைப் பொறுத்தது. இதில் தீர்ப்புகள் இரு பக்கமும் போகக்கூடும்.

ஆகவே மருத்துவமனையில் விபத்துப் பதிவேட்டு நகலும் காயச் சான்றிதழும் என்ன சொல்கின்றன என்று பாருங்கள். ஏ.ஆர். காப்பி எனப்படும் அந்தப் பதிவேட்டு நகலில் "தெரிந்த மூன்று நபர்கள் பீர் பாட்டிலால் தாக்கியதாக" என்று இருந்தால் நல்லது. "தெரியாத நபர்" என்றோ "கீழே விழுந்ததாக" என்றோ இருந்தால், ஏன் அப்படி எழுதப்பட்டது என்பதற்குத் தம்பியிடம் உண்மையான பதில் இருக்க வேண்டும். தம்பி அன்று குடித்திருந்தால் அதைக் காவல்துறை வாக்குமூலத்திலும் நீதிமன்றத்திலும் அப்படியே சொல்லட்டும். குடித்தவனை அடிக்கலாம் என்று எந்தச் சட்டமும் இல்லை. குடிக்கவே இல்லை என்று சொல்லிவிட்டு மருத்துவர் குறிப்பில் மாட்டிக்கொள்வதுதான் மொத்தச் சாட்சியத்தையும் கெடுக்கும். கொடுங்காயம் என்று சான்று வந்தால் பிரிவை மாற்றக் கோரி விசாரணை அதிகாரிக்கு எழுத்தில் மனுக் கொடுங்கள். விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்பதை 90 நாளுக்குள் புகார்தாரருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று புதிய நடைமுறைச் சட்டம் சொல்கிறது; அதையும் கேட்டுப் பெறுங்கள்.

தண்டனை போதவில்லை என்று பிறகு மேல்முறையீடு செய்துகொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம். விடுதலை ஆனாலோ, சிறிய குற்றமாகக் குறைத்தாலோ, இழப்பீடு போதாவிட்டாலோதான் பாதிக்கப்பட்டவர் மேல்முறையீடு செய்ய முடியும். தண்டனை குறைவு என்ற காரணத்துக்காக முடியாது. அது அரசின் கையில் இருக்கிறது. இழப்பீடு கேட்கும் உரிமை மட்டும் உங்களுடையது. தீர்ப்பின்போது அதைப் பற்றி நீதிமன்றம் கட்டாயம் யோசிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013-இல் சொல்லியிருக்கிறது. அரசு வழக்கறிஞருக்குத் துணையாக உங்கள் தரப்பிலும் ஒரு வழக்கறிஞரை வைத்து, மருத்துவச் செலவு ரசீதுகளோடும் வேலைக்குப் போகாத நாட்களின் கணக்கோடும் அதைக் கேளுங்கள்.

ராஜியைப் பொறுத்தவரை, அது தவறென்று நான் சொல்ல மாட்டேன்; ஒரே தெருவில் வாழ வேண்டியவர்களுக்கு அது நல்ல முடிவாகவும் இருக்கலாம். ஆனால் 118(1) இருதரப்பும் கையெழுத்திட்டுக் கீழ் நீதிமன்றத்தில் முடித்துக்கொள்ளும் பட்டியலில் இல்லை. உயர் நீதிமன்றம் வரை போய் வழக்கை ரத்து செய்யக் கேட்க வேண்டும், அதற்கு உங்கள் தம்பியின் சம்மதப் பிரமாணப் பத்திரம் அவர்களுக்குத் தேவை. எதிர்த்தரப்பு இவ்வளவு சீக்கிரம் உங்களைத் தேடி வந்திருப்பதன் காரணம் இதுவாகவே இருக்கும். வழக்குக் கட்டை நான் பார்க்கவில்லை, உங்கள் எழுத்தை வைத்துத்தான் பேசுகிறேன். ஸ்கேன் அறிக்கையும் காயச் சான்றிதழும் கைக்கு வந்து, உங்கள் ஊரில் குற்றவியல் வழக்கு நடத்தும் ஒருவர் அவற்றைப் படித்துப் பார்க்கும்வரை, வெற்றுத்தாளிலோ முத்திரைத்தாளிலோ தம்பி எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம்.